ரசமட்டம்

நான்கு நாளாகத் தரையை மட்டும் பார்க்கிறேன்.
பச்சை ஓடுகள் பதினெட்டு, விரிசல் விட்டவை மூன்று.
விடுதிக்கார எடுவிஹிஸ் வருவதை
அவள் செருப்பின் அறுந்த வாரில் அறிகிறேன்.
கட்டிலடியில் சூப்பை வைக்கிறாள், உறிஞ்சுகுழல் போட்டு.
"குப்புறக் கிடந்தே குடி, லாரிக்காரா."

சுங்காரா கணவாயில் தொடங்கியது.
வலக் கண்ணோரம் மின்னல்;
வானமோ துடைத்து வைத்த தட்டு.
பிறகு கரித்தூள் மழை. பிறகு
மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்புத் திரை.
இருபத்தெட்டு டன் சோயாவோடு
ஒற்றைக் கண்ணில் அரிகா துறைமுகம்வரை இறங்கினேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
நிறுத்த இடமில்லை.

டாக்டர் உர்ரெஹோலா சொன்னாள்:
முன்னால் இருப்பது கருவிழிக் கண்ணாடி,
ஒரு சொட்டு ரத்தம் ஓடாது, காற்றைத் தானே குடிக்கும்.
அதன் பின்னே துளை, துளைக்குப் பின்னே வில்லை,
வில்லைக்குப் பின்னே முட்டை வெள்ளைபோல ஒரு கூழ்.
கடைசிச் சுவரில் ஒட்டியிருக்கிறது விழித்திரை,
வெங்காயச் சருகு அளவுகூடத் தடிமனில்லை.
அதில் இரவு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு கோடிப் பேர்,
பகலுக்கும் நிறத்துக்கும் அறுபது லட்சம்.
அந்தத் திரைதான் கிழிந்து, உரிந்து தொங்கியது.

கூழை உறிஞ்சிவிட்டு வாயு நிரப்பினாள்.
"குமிழி மேலேதான் போகும். நீ கவிழ்ந்து கிட,
பின்சுவர் கூரையாகும்,
குமிழி அதை முட்டுக்கொடுத்து நிறுத்தும்.
கரையும்வரை மலையேறாதே."
என் வீடு எல் ஆல்ட்டோவில், நாலாயிரம் மீட்டரில்.
"புத்ரே ஊர் வருமுன்
சிப்ஸ் பொட்டலம் எப்படி உப்பும், தெரியுமா?"
எனக்கா தெரியாது!
"உன் கண்ணும் அப்படி."

பத்தாம் நாள் எழுந்து நின்றேன்.
பார்வையின் குறுக்கே ஒரு கோடு.
மேலே தெளிந்த உலகம், கீழே சாம்பல் நீர்;
நடந்தால் அலம்பியது
கொத்தனாரின் ரசமட்டம்போல.
குமிழி மிதப்பது கண்ணின் மேற்பாதியில்,
எனக்குத் தெரிவது கீழே.
உலகமே உள்ளே தலைகீழாகத்தான் விழுகிறதாம்,
மூளை நிமிர்த்தி எடுத்துக்கொள்கிறதாம்.
குமிழிக்கென்று தனிச் சட்டமா?
அதையும் சேர்த்துத் திருப்பிவிட்டது.

லியோகாடியா தொலைபேசியில்:
"ருத்துச்சாவுக்கு ஆட்டைக்கூடப் பேசி வைத்தாயிற்று.
பிள்ளையின் தலையில் இதுவரை கத்தரி படவில்லை,
முடி கண்ணில் விழுகிறது,
கதவில் முட்டிக்கொள்கிறாள்.
நீ வருகிறாயா,
கத்தரியை நான் எடுக்கட்டுமா?"

மறுநாள் விடியலில் ஃபௌஸ்டினோவின் லாரியில் ஏறினேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் ஏற்றம். இரண்டாவது.
காது அடைத்தது, எச்சில் விழுங்கினேன்.
முன்கண்ணாடியருகே ஒரு சிப்ஸ் பொட்டலம்,
சுருக்கமெல்லாம் மறைந்து
மெல்ல வயிறு தள்ளிக்கொண்டிருந்தது.
என் கோடு ஒரு விரற்கடை மேலேறியிருந்தது.
புருவத்துக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்தினார்கள்.

"நிறுத்து" என்றேன்.
"இங்கேயா? கள்ளிகூட யோசித்து முளைக்கிற இடம்."
"நிறுத்து."

கீழே போகும் தண்ணீர் வண்டியில் திரும்பினேன்.
கடல் தெரிந்தது, அதன் கோட்டுக்குக் கீழே என் கோடு,
இரண்டும் ஒட்டாமல்.
எடுவிஹிஸ் என் முகத்தைப் பார்த்தாள்,
சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, இம்முறை மேசையில் வைத்தாள்.

இரவு அழைத்தேன்.
"லியோகாடியா, முன்முடியை மட்டும் வெட்டு,
கண் தெரியட்டும்.
மீதி நான் வந்து."