சரிபாதி

தெலாவியில் விடிவதற்கு முன்
நான் தலைகீழாகிறேன்.

மண்ணில் புதைத்த பானைபோல அடுப்பு.
அதன் வாய்க்குள் இடுப்புவரை சாய்ந்து
உள்சுவரில் மாவை அறைய வேண்டும்.
ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில்.
உள்ளே மூச்சிழுத்தால் தொண்டை வெந்துவிடும்.
அதனால் குனியுமுன் "ஆண்டவரே",
நிமிர்ந்தபின் "இரங்கும்".
இருபத்திரண்டு வருடம்.
சொல்லிச் சொல்லி அது
ரொட்டி எண்ணும் சொல்லாகிவிட்டது.
நூற்றிருபது இரங்கும் என்றால்
நூற்றிருபது ரொட்டி.

லமாரா இத்தாலியில்,
பாரி நகரத்தில், நான்காம் மாடியில்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டு,
அவர் தட்டில் மீன்முள் எடுத்துக்கொண்டு.
ஆறாவது வருடம்.
வீட்டுக்கடனை அவள்தான் அடைக்கிறாள்.

என் சரிபாதி அங்கே இருக்கிறாள்
என்பேன் எல்லோரிடமும்.
குரல் தழுதழுக்கும்.
கேட்டவர் ஒரு ரொட்டி கூடுதலாக வாங்குவார்.

மாலையில் கோயிலில் மெழுகுவத்தி.
அது உருகுவதற்குள் கணக்குப் பேசுவேன்.
புதனும் வெள்ளியும் பால்கூடத் தொடவில்லையே,
அவளை எப்போது அனுப்புவாய்?
கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பதுபோல
நிற்பேன்.
போனில் அவளிடமும் அதே கேள்விதான்.
எப்போது வருகிறாய்.
"பார்க்கலாம், நுக்ஸார்."

நவம்பரில் ஒரு வியாழன்.
நான் பாதி அடுப்புக்குள் இருக்கையில்
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
எட்டிப் பிடிக்கப் போக
மாவும் நழுவியது, போனும் நழுவியது.
கங்கின் நடுவே அதன் திரை
ஒரு கணம் ஒளிர்ந்தது, அவள் பெயரோடு.
அப்புறம் பிளாஸ்டிக் நாற்றம்.

பிரார்த்தனை வரவேண்டிய இடத்தில்
கெட்ட வார்த்தை ஒன்று வந்தது.
நெருப்பை அவித்து, சாம்பல் வாரி,
சுவரை உப்புத்தண்ணீரால் துடைத்து,
திராட்சைக்கொடி விறகு அடுக்கி
மறுபடி மூட்டுவதற்குள் நண்பகல்.

மாவை எடுத்தேன்.
சட்டைப்பை லேசாக இருந்தது.
"ஆண்டவரே" என்றேன்,
என்றவன் அங்கேயே இருந்தேன்.
உள்ளங்கையில் மாவின் குளிர்ச்சி,
நெற்றியில் அனல்,
இரண்டுக்கும் நடுவில்
எதற்கும் காத்திராத ஒருவன்.
அன்று ரொட்டிகளை எண்ண மறந்துபோனேன்.

ராத்திரி, பக்கத்து வீட்டு ஜும்பேரின் போன்.
வழக்கமான கேள்வி நாக்கு நுனிவரை வந்து
ஏனோ கரைந்தது.
"இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்றேன்.

அவள் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
கிழவர் போய்விட்டார், விடியற்காலையில்,
அவள் கையைப் பிடித்தபடியே.
அதைச் சொல்லத்தான் அழைத்தாளாம்.
"அவருக்கு நான் யாருமில்லை, நுக்ஸார்.
நான் அழலாமா?"

அழுதாள், நாற்பது நிமிடம்.
ஜும்பேர் மாடிப்படியில் புகைத்தபடி
நாசூக்காக முதுகைக் காட்டி நின்றார்.
நான் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை.
என் கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

அந்தப் பக்கம் இருந்தது பாதியல்ல.
நான் நுழைந்தேயிராத ஒரு சமையலறையும்
என்னைச் சேராத ஒரு துக்கமும் உள்ள
முழு மனுஷி.
அப்படியென்றால்
இந்தப் பக்கம் இருப்பவனும்
பாதியாக இருக்கத் தேவையில்லை.

அவள் அங்கேயே வேறு வேலை தேடுகிறாள்.
நான் சில மாலைகளில்
இன்னும் கணக்குப் பேசத்தான் செய்கிறேன்.
சில மாலைகளில் மெழுகுவத்தி
முழுக்க எரிந்து முடிகிறது,
நான் ஒன்றும் கேட்காமலே.

தினம் ஒரு ரொட்டியாவது
சுவரிலிருந்து கழன்று கங்கில் விழும்.
விற்க முடியாது.
சாம்பலைத் தட்டிவிட்டு, நின்றபடியே,
அதை நான் தின்கிறேன்.
ஒரு முனை கருகியிருக்கும்.
நல்ல சூடு.