கம்பிக்குப் படிக்கட்டு கிடையாது

பகலில் நான் கம்பி கட்டுகிறவள்.
க்டினியா நகரத்து டிராலி பஸ்களுக்கு மேலே
ஏணி வண்டியில் நின்று
கடற்காற்றில் விறைத்த விரல்களால்
செம்புக் கம்பியின் தொய்வை அளக்கிறேன்.
அதனால்தான் பொறுக்கவில்லை.

இரவில் விளையாடுகிற விளையாட்டில் ஒரு ஊர் வருகிறது.
அங்கேயும் தெருவுக்குக் குறுக்கே தந்திக் கம்பிகள்.
ஆனால் படிக்கட்டு படிக்கட்டாய் இறங்குகின்றன.
என் குதிரை நடந்தால் பொரிகிற எண்ணெய்போலத் துடிக்கின்றன.
நின்றால், நடுவில் ஒரு முழம் காணாமல் போய்விடுகிறது.
"இந்த லைனில் ஒரு சேதியும் போகாது" என்றேன்.
தம்பி ஜெமோவித் சிரித்தான்.
யாரோ விற்ற கிராபிக்ஸ் கார்டைப் போர்வையில் சுற்றி
சோபோத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் அவன்.
சிரிக்க உரிமை உண்டு.

கணினி ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும்
ஒரே ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறதாம்.
கம்பி கண்ணில் பட்டால் கறுப்பு,
படாவிட்டால் வானம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
மயிரிழைக் கம்பிக்கு?

ஆகவே பொய் சொன்னோம்.
என் திரை பழையது, இடது மூலையில் கீறல்.
அதை நான்கு மடங்கு அகலம், நான்கு மடங்கு உயரம் என்று
விளையாட்டை நம்பவைத்தோம்.
அது, பாவம், இல்லாத அந்தப் பெரிய சுவருக்காக
புல் புல்லாய் வரைந்தது,
ஓடு ஓடாய்க் கூரை வேய்ந்தது.
பிறகு எல்லாவற்றையும் சுருக்கி
கீறல் விழுந்த என் கண்ணாடிக்குள் மடித்துவைத்தது.

ஒரு புள்ளிக்கு இப்போது பதினாறு சாட்சி.
ஏழு பேர் கம்பியைப் பார்த்தோம் என்கிறார்கள்.
ஒன்பது பேர், இல்லை, வானம்தான்.
தீர்ப்பு: ஒரு சாம்பல் நிறம்.
அந்தச் சாம்பலில்
கம்பி முதன்முறையாகத் தொய்ந்தது,
இரண்டு கம்பங்களுக்கு நடுவே, தன் எடையால், சரியாக.
திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
இதை ஜெமோவித்திடம் சொல்லவில்லை.

குதிரைதான் நகரவில்லை.
வினாடிக்கு ஒன்பது படம்.
ஒரு குளம்பு தூக்கி மறு குளம்பு வைப்பதற்குள்
தேநீரில் சர்க்கரை கரைந்துவிடும்.
விசிறிகள் அலறின.
பூனை ரேடியேட்டரைக் கைவிட்டு
கணினிப் பெட்டியின் மேல் ஏறிப் படுத்தது.
மின்கட்டணம் மாதக் கடைசியில் வரும்; வரட்டும்.

ஓட முடியாதபோது என்ன செய்வது? பார்த்தேன்.
வேலியின் ஒவ்வொரு குச்சியும் அசையாமல் நின்றது.
பூட்டிய ஒரு கடை. கதவில் ஒட்டிய தாள்.
மூன்று வருடமாக அதைக் கடந்து
துப்பாக்கியோடு ஓடியிருக்கிறேன்,
என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல்.
இப்போது தெரிந்துவிடும்.
நெருங்கினேன், இன்னும் நெருங்கினேன்.
பதினாறு சாட்சிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்:
நான்கு சாம்பல் கோடுகள்.

எழுத்தே இல்லை.
சட்டியில் இல்லாதது
எத்தனை பெரிய அகப்பைக்கும் வராது.
யாரோ ஒருத்தி, வெள்ளிக்கிழமை மாலை,
கோட்டை மாட்டிக்கொண்டே
நான்கு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.
கோபம் வரவில்லை.
ஆய்வுப் படிவத்தில் "பிற குறிப்புகள்" என்ற இடத்தில்
நானும் இழுத்திருக்கிறேன்.

ஜெமோவித் தூங்கிய பிறகு
ஒன்றரை மடங்குக்கு இறக்கினேன்.
குதிரை பாய்ந்தது. கம்பி லேசாகத் துடித்தது,
முன்போல அல்ல, ஆனாலும் துடித்தது.
பூனை முறைத்துவிட்டு ரேடியேட்டருக்குத் திரும்பியது.

காலையில் பனி கலந்த மழை.
துறைமுகத்துப் பக்கம், ஏழாம் கம்பத்தில் ஏறி
இமையில் விழுந்த ஈரத்தைத் துடைத்தேன்.
கம்பி காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது,
அருகில் பார்த்தாலும் நடுங்கியது.
கீழே ஒரு பஸ் மணி அடித்தது.
கொக்கியை மாட்டி
இறுக்கத் தொடங்கினேன்.