கூலி பாக்கி

தாது வருடம். கடற்கரை முழுக்க அரிசி மூட்டை,
மூட்டையைச் சுற்றிக் காவல், காவலுக்கு வெளியே ஜனம்.
நான் கச்சேரிக்குள் உட்கார்ந்து
பழைய படகுக் கணக்கில்
கரையான் தின்றது போக மிச்சத்தைப்
படியெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தமானிலிருந்து ஒரு மனு வந்தது.
ஐந்தாவது மனுவாம். முந்தைய நான்கும்
எந்த மேசைக்கு முட்டுக்கொடுக்கின்றனவோ.
கைதியின் பெயர் செங்கழுநீரான்.
வண்டலூர்ப் பக்கம் வழிப்பறி, ஒரு கொலை,
ஆயுளுக்கும் தீவாந்தரம்.
விடுதலை கேட்கவில்லை அவன்.
இரண்டரை அணா கேட்டிருந்தான்.

‘பிரஜோற்பத்தி ஐப்பசி எட்டாம் தேதி
சேப்பாக்கம் கரையிலிருந்து கப்பல்வரை
துடுப்பு வலித்த கூலி
எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.’
அடியில் தீவுத் துரையின் குறிப்பு:
பித்தன். வேலை ஒழுங்காகச் செய்கிறான்.

சிரித்துவிட்டுக் கட்டி வைத்திருக்கலாம்,
பஞ்சத்தில் சிரிக்க வேறென்ன கிடைக்கிறது.
ஆனால் எட்டாம் தேதி ஏட்டை
அன்று காலைதான் படியெடுத்திருந்தேன்.
சலங்கு எண் பதினொன்று.
போனபோது துடுப்புக்காரர் பன்னிரண்டு,
கூலி வாங்கியது பதினொருவர்.
கூட்டல் உதைக்கிறதே என்று
பன்னிரண்டைப் பதினொன்றாக்கினேன்.
பிழை திருத்தம்.
பழைய தாளைக் காவலாளி
கஞ்சி காய்ச்ச எடுத்துப் போய்விட்டான்.

ஓடினேன். அடுப்பில் சாம்பல்கூட
ஆறியிருந்தது.

மற்ற ரசீதுகள் பழுதில்லை.
சிறைக்கூடம் அனுப்பிய கைதிகள் இருபத்துமூன்று.
கப்பல்காரன் பெற்றுக்கொண்டது இருபத்துமூன்று.

தண்டல் தேசப்பனைக் கண்டுபிடிக்கப் பத்து நாள்.
அவன் படகு இல்லை.
கயிற்றால் தைத்த பலகைகளைப் பிரித்து
விறகுக்கு விற்றுவிட்டான்.
‘மூணாவது அலைங்க. கெட்ட அலை.
சங்கிலியோட ஒருத்தன் எகிறிக் குதிச்சான்,
மேல வரவேயில்ல.
சார்ஜெண்டு எண்ணினான், இருபத்திரெண்டு.
திரும்பவும் எண்ணினான்.
அப்புறம் எங்க மூஞ்சிய
ஒவ்வொண்ணா பார்த்தான்.
கண்ணாலம் ஆவாதவன் எவன்னு கேட்டான்.’

நான் கேட்டேன்: ‘யார் காட்டிக்கொடுத்தது?’
தேசப்பன் வெற்றிலையைத் துப்பினான்.
‘எட்டியப்பன் அவன் பேரு. நல்லா வலிப்பான்.
ஐயா, மூட்டைக் காவலுக்கு
ஆள் எடுக்கறாங்களாமே,
ஒரு வார்த்த சொல்ல முடியுமா?’

தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்த பார்வையில்
கோபம் இல்லை, களைப்புதான்.
‘ரெண்டு ரசீதும் ஒத்துப்போகிறது. உமக்கு
ஒத்துப்போகாதது எது?’

வழியெல்லாம் அந்த இரண்டரை அணாவையே நினைத்தேன்.
நான் வண்டலூரானில்லை என்று கத்தியிருப்பான்,
கத்தாத கைதி உண்டா.
தாயார் பெயரைச் சொல்லியிருப்பான்,
குலசாமி பெயரைச் சொல்லியிருப்பான்.
பிறகு ஏதோ ஒரு ராத்திரியில்
அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்:
சர்க்கார் கூலி கொடுத்தால்
கூலிக்கு ஒரு பெயர் எழுதும்.
எழுத்து அறியாதவன்
என் உத்தியோகத்தை என்னைவிட அறிந்திருந்தான்.

மறுநாள் என் படியைத் திறந்து
பதினொன்றை அடித்தேன்.
மேலே பன்னிரண்டு என்று எழுதினேன்.
எட்டியப்பன், பாக்கி இரண்டரை அணா, செலுத்தப்பட்டது.
காசை என் மடியிலிருந்து எடுத்து
அந்தமான் தபாலில் கட்டினேன்.

மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது.
அடித்தல் திருத்தலுக்குக்
காரணம் எழுதித் தரும்படி உத்தரவு.
மூன்று நாளாக எழுதுகிறேன்.
‘ஐப்பசி எட்டாம் தேதி’ வரைக்கும்தான் போகிறது.
வெளியே மழை,
மூட்டைகளை எண்ணுகிறார்கள்.
முளைவிட்டு நாறுவதையும் சேர்த்துத்தான்
எண்ணுகிறார்கள்,
தொகை குறையக் கூடாதாம்.