மாசிக்கின் இடப்பக்கம்

சட்டம் அடிப்பது என் தொழில்.
சட்டம் போடுவது அவர்கள் தொழில்.
எஸ்தோனியாவின் தார்த்து நகரில், ஓவியர் சங்கத்துப் பின்கட்டில்,
மூக்கில் பைன் மரத்தூள் அடைக்க
இருபத்தாறு வருஷம் நான்கு மூலைகளைச் சேர்த்தேன்.
நடுவில் என்ன வருகிறதென்று
கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

ஐம்பத்தோராம் வருஷம் ஹில்யாவுக்கு உத்தரவு வந்தது:
கூட்டுப்பண்ணைப் பால்காரி. ஆளுயரம். புன்னகை அவசியம்.
பின்குறிப்பு: மாடு நல்ல ஊட்டத்தோடு தெரிய வேண்டும்.

போருக்கு முன்னால்
முகத்தை ஏழு துண்டாக்கி மேசைமேல் அடுக்கியவள் அவள்.
கிட்டாரையும் மீனையும்
எது எதுவென்று பிரிக்கமுடியாமல் தைத்துவைத்தவள்.
அந்தப் படங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
ஒன்று மட்டும் எங்கோ கோழிக்கூண்டுக்குக் கூரையாய் இருப்பதாகக் கேள்வி,
வண்ணம் உள்பக்கமாக.
கோழிகளுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

பால்காரி மீலி மூன்று வாரம் வந்து உட்கார்ந்தாள்.
பல்வலி. வலது தாடை வீங்கியிருந்தது.
இடது தாடையையே இரண்டு தரம் வரைந்து
ஒன்றைத் திருப்பிப் போட்டாள் ஹில்யா.
"இவ்வளவுதான் மிச்சம், பழைய பள்ளிக்கூடத்தில்"
என்றாள் என்னிடம், சிரிக்காமல்.

அப்புறம் மாடு.
பெயர் மாசிக். எங்கள் பேச்சில் ஸ்ட்ராபெரிப் பழம்.
கறுப்பு வெள்ளை உடம்புக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ.
தோளில் ஒரு திட்டு, இடுப்பில் ஒரு திட்டு,
அவ்வளவுதான் நிஜ மாசிக்.
துணியில் இருந்தது வேறு.
ஒரு கறுப்பு சாய்ந்து விழப்போக
இன்னொரு கறுப்பு தூரத்திலிருந்து அதைப் பிடித்து நிறுத்தியது.
நடுவில் வெள்ளை
மூச்சை இழுத்து வைத்துக்கொண்டிருந்தது.
மீலிக்கு மூன்று வாரம் என்றால்
மாட்டின் இடப்பக்கத்துக்கு இரண்டு மாதம்.
தோலுக்கு அடியில் தலைமறைவாக இருந்தாள் ஹில்யா.

ஐந்து பேர் குழு வந்தது.
பற்களை எண்ணினார்கள். வாளியில் பால் குறைவு என்றார்கள்.
ஒருவர் மட்டும், மெலிந்தவர்,
மாட்டின் முன்னால் அதிகநேரம் நின்றார்.
"இதை எங்கோ பார்த்திருக்கிறேன்."
"பண்ணையில்தான் நிற்கிறது, தோழரே" என்றாள்.
கையெழுத்துப் போட்டார். கை கொஞ்சம் நடுங்கியது.
குளிராகவும் இருக்கலாம்.

அதற்குப்பின் பத்தொன்பது மாடுகள்.
பத்தொன்பதுக்கும் நான்தான் சட்டம்.
கால்நடை ஓவியர் என்று பட்டம் கொடுத்தார்கள்.
கால் மாட்டினுடையது, சரி.
நடை?

அறுபத்தாறில் காற்று மாறியது.
பையன்கள் சதுரம் வரைந்தார்கள், பட்டப்பகலில்,
கதவைத் திறந்துபோட்டு.
இயக்கம் என்றார்கள், அறிக்கை எழுதினார்கள்,
அவளிடம் வந்து
"இனி மாடு வேண்டாம் அம்மா, வெறும் கறுப்பு போதும்" என்றார்கள்.
இரண்டு மீட்டர் துணி இழுத்துக் கொடுத்தேன்.

கறுப்பு வைத்தாள். சுரண்டினாள்.
வெள்ளை வைத்தாள். சுரண்டினாள்.
இரண்டாவது வாரம், தரையெல்லாம் வண்ணச் செதில்.
"என்ன?" என்றேன்.
"நிற்கமாட்டேன் என்கிறது."
கைகளை ஏப்ரனில் துடைத்தாள், பால் கறந்து முடித்தவள் மாதிரி.
"ஒளித்துவைக்கத் தெரிந்த கை இது.
ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் என்ன செய்யும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பசை காய்ந்துகொண்டிருந்தது, போய்விட்டேன்.

மார்ச்சில் கூப்பிட்டு அனுப்பினாள்.
துணி முழுக்கக் கறுப்பும் வெள்ளையும்.
மாடில்லை. பால்காரியில்லை. வாளியில்லை.
கீழ் ஓரத்தில் மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு,
இளஞ்சிவப்பு. மடியின் நிறம்.
கிட்டே போனால் சூடாக இருக்கும்போல.

பையன்களுக்குப் பிடிக்கவில்லை. பழைய பழக்கம் என்றார்கள்.
பழைய குழு இருந்திருந்தால் அதற்கும் பிடித்திருக்காது.

"கீழே சட்டம் வேண்டாம்" என்றாள்,
"கால் ஊன்றட்டும்."

மூன்று பக்கம் அடித்தேன்.
நான்காவது துண்டு பட்டறையில் கிடக்கிறது.
பசை கிண்ட உதவுகிறது.