ஐந்து டிகிரி

ஓலு நகரில் டிசம்பர்.
பத்தரைக்கு எழுந்து இரண்டுக்கே படுத்துவிடும் சூரியன்.
மிச்ச வெளிச்சத்துக்கு
எனக்கொரு பெட்டி தந்திருக்கிறார்கள்:
பால்கண்ணாடி முகம், உள்ளே முனகும் குழல்விளக்கு.
அதன்மேல் ஒட்டினால்
எந்தப் பிள்ளையின் முதுகும் விடிந்துவிடும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்ரே படங்கள்.
எல்லாம் எண்பதுகளில் எடுத்தவை.
பத்து வயது, பன்னிரண்டு, பதினாலு,
பெரும்பாலும் சிறுமிகள்.
படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை என்று
நூற்று முப்பது தடவை எழுதிவிட்டேன்.
என் கையெழுத்தில் இப்போது
மிக அழகாய் விழுவது அந்தச் சொல்தான்.

கோணல் என்று எழுதாதே, கோணம் என்று எழுது
என்பார் ஹாபசாலோ.
சரி. கோணம்.
மேலே அதிகம் சாய்ந்த முள்ளெலும்பின் தலையில் ஒரு கோடு,
கீழே அதிகம் சாய்ந்ததன் காலடியில் ஒரு கோடு.
இரண்டும் சந்திப்பது பெரும்பாலும்
படத்துக்கு வெளியே, உடம்பே இல்லாத இடத்தில்.
வளர்கிற பிள்ளைக்கு
இருபத்தைந்தைத் தாண்டினால் கவசம்,
ஐம்பதைத் தாண்டினால் கத்தி.

ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை அளக்க வேண்டும்,
வாரம் ஒருமுறை, எண்ணை மறைத்து, வரிசையைக் கலைத்து,
எனக்கே நான் அந்நியமாகி.
முதல் நூற்றைம்பதின் கணக்கு நேற்று வந்தது.
நூற்றுப்பதினான்காம் படம்:
இருபத்துநான்கு. இருபத்தொன்பது. இருபத்தாறு.
அதே முதுகு. அதே நான்.
ஸ்கேல்கூட அதே.
ஐந்து டிகிரி வரை பிழை வரும், எல்லோருக்கும் வரும்
என்றார் ஹாபசாலோ, பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபடி.
சுவர்க் காலண்டர் அவ்வளவு சாய்ந்திருந்தால்
எழுந்துபோய் யாரும் சரிசெய்ய மாட்டோம்.
1983இல் யாரோ அதே படத்தில்
இருபத்தெட்டு என்று எழுதியிருக்கிறார்.
சிவப்பு மை. ஒரே முறை.

நூற்றுப்பதினான்கு வியாழக்கிழமை நேரில் வந்தாள்.
பெயர் விர்பி. ஐம்பத்துமூன்று வயது.
நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறாள்.
நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம், இரண்டு வருஷம்,
மிச்ச ஒரு மணியில் குளிப்பேன், சொறிந்துகொள்வேன்
என்று சிரித்தாள்.
ஜூலையில் எல்லோரும் ஏரியில் நீந்தும்போது
கரையில் உட்கார்ந்து துணிகளுக்குக் காவல்.
பையன்கள் விரல் மடக்கிக் கவசத்தைத் தட்டுவார்கள்,
உள்ளே ஆள் உண்டா என்று.
உண்டு என்பாளாம்.

இன்றைய படம்: முப்பத்துமூன்று.
நாற்பது வருஷத்தில் ஐந்து கூடியிருக்கிறது.
பிழையைக் கழித்தால் ஒன்றுமில்லை,
கூட்டினால் பத்து.
அப்படியென்றால் அந்தக் கவசம் வேலை செய்ததா?
கேட்பாள் என்று தெரியும். பதிலும் தயார்:
ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் சேர்த்தால் சொல்லலாம்,
அல்லது சொல்ல முடியாது என்பதையாவது சொல்லலாம்.
சொல்லி முடித்ததும் எனக்கே வாய் உலர்ந்தது.

பழையதைக் காட்டு என்றாள்.
வளைவை அவள் பார்க்கவேயில்லை.
மேல் மூலையில், கழுத்துக்குப் பக்கத்தில்
வெள்ளையாய் ஒரு கீற்று.
“இது மெர்யாவின் கொண்டை ஊசி.
அக்காவுடையது. நான் எடுக்கவே இல்லை என்று சாதித்தேன்.
நாலு நாள் என்னோடு பேசவில்லை.
தலையில் வைத்துக்கொண்டா நின்றிருக்கிறேன்!”

எத்தனை டாக்டர்கள், எத்தனை பென்சில்கள்.
நானே மூன்று முறை.
ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள்,
விதிப்படி சரியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள்.
இத்தனை வருஷம் கழித்தும் திட்டுவாள், பார் என்றாள்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்;
இரவு மறுபடி பனி கொட்டுமாம்.

படிவத்தில் ஊசிக்குக் கட்டம் இல்லை.
காரணக் கட்டத்திலோ ஏற்கெனவே என் அழகான கையெழுத்து.
அடுத்த படத்தை எடுத்துப் பெட்டியில் ஒட்டினேன்.
பென்சிலைத் தொடவில்லை இன்னும்.
முதலில் மூலைகள்.