பதினெட்டாம் வளைவுக்கு மேலே

பதினெட்டாம் வளைவில் மண் சரிந்து
மூன்றாம் நாள்.
ஒண்டிக்கடையில் பால் தீர்ந்துவிட்டது.
லாட்ஜில் நானும்
கொச்சியிலிருந்து மிளகு பார்க்க வந்த நிசிமும்
கறுப்புக் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்கும் ஒரு வெள்ளம் உண்டு என்றேன்,
கடல் கொண்ட நிலம், கும்பம் மிதந்த கதை.
பாபிலோனில் மனிதரின் இரைச்சல் பொறுக்காமல்
தேவர்கள் மழையை ஏவினார்களாம்.
"எங்களுடையதில் இரைச்சலில்லை, திருட்டு.
கூடைக்காரனிடம் ஆளுக்கொரு பயறு எடுப்பார்கள்.
ஒரு பயறுக்கு யார் வழக்குப் போடுவது?
சாயங்காலம் கூடை காலி."
சொல்லிக்கொண்டே
மாதிரிப் பொட்டலத்து மிளகில் ஒன்றைக் கடித்தவர்
நிறுத்திச் சிரித்தார்.

நோவா?
வருஷம் முழுக்கத் தூங்கவில்லையாம், மிருகங்களுக்குத் தீனி.
தாமதமான ஒருநாள் சிங்கம் அறைந்து நொண்டியானாராம்.
"நல்லவர்தான்.
அக்கம்பக்கத்தாருக்காக ஒரு வார்த்தை
வேண்டிக்கொண்டாரா என்றுதான்
எங்கள் ரபிகள் இன்னும் விடவில்லை."

நான் டம்ளர் கழுவப் போனேன்.

அம்மாபேட்டையில் அந்த ஐப்பசி இரவு
திருமணிமுத்தாறு தெருவுக்குள் வந்தபோது
மிக்சி, டிவி, கல்யாண ஆல்பம்
எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினேன்.
எதிர்வீட்டுக் கோவர்த்தனனின் தறிக்குழிக்குள்
தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
அவர்கள் தூங்கினார்கள்.
கதவு எட்டடி தூரம்.

மழை விட்டு, ஏரிக்கு மேல் வானவில்.
எல்லோரையும் கூப்பிட வாயெடுத்தேன்.
ஒருமுறை பார்த்துத் தலைகுனிந்த நிசிம்
ஒரு வரி முணுமுணுத்து
என் மணிக்கட்டைப் பிடித்தார்:
"கூவி அழைக்கக் கூடாது.
இன்னும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்
என்று சொல்கிற வில் அது."

போனில் ஒரே கோடு சிக்னல்.
கோவர்த்தனன் நம்பர் இருந்தது.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.