கடைசி வாளி

காஹேத்தியில் செப்டம்பர்.
திராட்சை அறுக்க இன்னும் ஒன்பது நாள்.
கழுத்துவரை மண்ணில் புதைந்த ஜாடிக்கு
என் தோளகலம்தான் வாய்.
உடம்பை ஒருக்களித்து இறங்கினேன்.
ஏணி, மெழுகுவர்த்தி,
செர்ரிப் பட்டையைத் தைத்துக் கட்டிய துடைப்பம்.

மேலே மல்காஸ்.
உள்ளே இருப்பவன் பாடிக்கொண்டே இருக்கவேண்டும்.
பாட்டு நின்றால் மூச்சு நின்றது என்று
மேலே இருப்பவன் கயிற்றை இழுப்பான்.

முப்பது வருடமாக
இந்த ஊர் ஜாடிகளையெல்லாம் கழுவியவன் நான்.
கை சுத்தம் என்று பெயர்.
ஈஸ்டருக்கு முன் ஒவ்வொரு வருடமும்
பாதிரியார் எதிரில் தலைகுனிந்து
கோபப்பட்டேன், குடித்தேன்,
நோன்பில் பாலாடைக்கட்டி தின்றேன் என்று
சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டு
பெரிய நோட்டைச் சட்டைப்பையிலேயே
பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தவன்.

அது ஒரு கல்.
மல்காஸின் அப்பா படுக்கையில் விழுந்த குளிர்காலம்,
நிலா இல்லாத இரவு,
கடப்பாறையும் நானும்.
பதினோரு அடி. இரண்டு வரிசைக் கொடி.
விடிவதற்குள் பனி பெய்து தடத்தை மூடியது.
கடவுளே ஒத்தாசை செய்கிறார் என்று
அன்றைக்கு நினைத்தேன்.

அந்த இரண்டு வரிசையில்
ஒரு வருடமும் பழம் கசக்கவில்லை.
அதுதான் என்னை அதிகம் வாட்டியது.
வெயில் அங்கேயும் குறைவில்லாமல் விழுந்தது.

இப்படியே போயிருக்கும் மிச்ச நாளும்.
இன்று, போன வருடத்து வண்டல் புளித்த வாடையில்,
தேய்க்கத் தேய்க்கச்
சுவரிலிருந்து கறுப்பு வழிந்துகொண்டே இருந்தது.
பாட்டில் 'ஆண்டவரே இரங்கும்' என்று ஒரு வரி வந்தது.
ஆயிரம் முறை பாடிய வரி.
தொண்டை அதைத் தாண்டவில்லை.

கயிறு இறுகியது.
"ஜும்பெர்! உயிரோடு இருக்கிறீர்களா?"

இல்லை என்றேன்.
அப்புறம் சொன்னேன்.
கல்லை. இரவை. பதினோரு அடியை.
ஜாடி என் குரலை வாங்கி
பெருக்கி எனக்கே திருப்பித் தந்தது.
அவனுக்கு எவ்வளவு கேட்டதோ.

மேலே சத்தமில்லை.
வட்டமான வானத்தில் அவன் தலையும் இல்லை.
ஏணியை எடுத்துவிட்டால் எடுத்துவிடட்டும் என்று
மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி நின்றேன்.
பயமே வரவில்லை.
ஒளிவதற்கு ஊரிலேயே தோதான இடத்தில்
முதல்முறையாக
ஒளியாமல் நின்றிருந்தேன்.

வாளி இறங்கியது. தண்ணீர்.
"அடியில் இன்னும் கலங்கல் இருக்கிறது. தேயுங்கள்."

தேய்த்தேன். முகந்து அனுப்பினேன்.
இன்னொரு வாளி. இன்னொன்று.
கன்னத்தில் வழிந்தது எந்தத் தண்ணீர் என்று
அந்த இருட்டில் தெரியவில்லை.

கடைசி வாளி மேலே போனபோது
மல்காஸ் அதில் ஒரு குவளை முகந்து
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
என் கால் நின்ற தண்ணீர்.
குடித்தான்.
"சுத்தம்" என்றான்.

வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னான்:
"அப்பாவுக்குத் தெரியும்.
கல் இருந்த குழியைக் காட்டிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.
நான் அதில் மண் போடவில்லை, ஜும்பெர்.
திரும்பக் கொண்டுவருவீர்களே, இடம் வேண்டாமா?"

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனோம்.
அன்று தனி ஆளாக நகர்த்திய கல்
இன்று நான் முக்கியும் அசையவில்லை.
கனமான பக்கத்தை
அவன் பிடித்துக்கொண்டான்.